அமாவாசைக்கு வைத்த தேதி

ஓசூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஆபீஸில் எனக்கு ‘டெம்பரரி’ என்றே பெயர். “டெம்பரரிய வரச் சொல்லு” என்று மெஷின் பக்கமிருந்து குரல் வரும். நானும் வெட்கமில்லாமல் எழுந்து போவேன். வீட்டிலும் அதே கதைதான். என் கணவர் பக்கத்துத் தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து மூக்கண்டப்பள்ளியில் ஒற்றை அறையில் குடியிருந்த எங்களிடம் நிரந்தரமானது என்று சொல்ல ஒரு கேஸ் அடுப்பு இருந்தது.

கார் கம்பெனிகளுக்குத் தகடு அழுத்திக் கொடுக்கும் சின்னப் பட்டறை அது. மெஷினில் பன்னிரண்டு பேர், ஆபீஸில் ஒருவர். அந்த ஒருவராக எட்டு வருஷம் இருந்த அக்கா பிரசவத்துக்குப் போனதால், அவர் திரும்பும்வரை என்று என்னைச் சேர்த்திருந்தார்கள். நான்காம் மாதம் அக்காவிடமிருந்து சேதி வந்தது. குழந்தையோடு ஊரிலேயே இருந்துவிடப் போகிறாராம். எனக்கு வாயெல்லாம் பல். அந்த நாற்காலி இனி எனக்குத்தான் என்று முடிவு கட்டி, வீட்டில் கேசரியே கிண்டிவிட்டேன்.

அதற்குள் எங்கள் முதலாளிக்கு அவருடைய மைத்துனர் வேறு யோசனை சொல்லியிருந்தார். ஊரெங்கும் பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறதாம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே நம்முடைய மெயிலைப் பார்ப்பாளாம், கொட்டேஷன் அடிப்பாளாம், போனில் பேசித் தேதி வாங்குவாளாம். அவளுக்கு மேஜை வேண்டாம், ஃபேன் வேண்டாம், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். வேலை பார்த்த மணிக்கு மட்டும் சம்பளம். அதற்கு ‘வர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ என்று பெயர்.

“ஒரு மாசம் ரெண்டு பேரும் பாருங்க. அப்புறம் யாராவது ஒருத்தர வெச்சுக்கறேன்” என்றார் முதலாளி. “நம்ம ஆபீஸ் நெளிவு சுளிவெல்லாம் அந்தப் பொண்ணுக்கு எழுதி அனுப்பிரும்மா.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை எனக்கு ஆபீஸ் நேரத்திலேயே செய்யச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எந்த லாரி டிரைவரிடம் தெலுங்கில் பேசினால் வண்டி சீக்கிரம் வரும், எந்த அதிகாரி டீ குடிப்பதற்கு முன்னால் போனை எடுக்க மாட்டார் என்று நாலு பக்கம். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

நமக்கு அமாவாசை நல்ல நாள். கடை திறப்போம், வண்டி எடுப்போம். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போய்விட்டால் அதே நாள் ஆகாத நாள். கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் அன்று புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். ஓசூரிலேயே ஒரு வீட்டில் அன்றைக்குப் புது வண்டிக்கு மாலை போடுவார்கள். எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். பெங்களூர் ஆட்களுக்கு அமாவாசையில் தேதி கொடுக்காதே என்று, பொறுப்பைக் கொடுத்த அன்றே அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். எட்டு வருஷமும் தேதியெல்லாம் அவரே பார்த்துப் போட்டதால், நாமக்கல்காரரான முதலாளிக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. எழுத மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் பொய்.

சென்னைப் பெண் முதல் நாளே போனில் “அக்கா” என்று கூப்பிட்டாள். அவள் மெயிலில் எழுதும் இங்கிலீஷ் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும், பேச்சு அப்படியில்லை. ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது.

“என்னம்மா, ஆபீஸ்ல சோறாக்குறீங்களா?” என்றேன்.

“ஐயோ, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. வீட்லேர்ந்துதான் பாக்கறேன். பாப்பாவ விட்டுட்டு வர ஆளில்ல. இதுவும் போச்சுன்னா கஷ்டம்.”

மணிக்கணக்குச் சம்பளம், ஒரு கைக்குழந்தை, எங்கேயும் சொல்லிக்கொள்ள ஒரு நாற்காலி கிடையாது. அவள் என்னைவிட டெம்பரரி என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? நாற்காலி ஒன்றுதானே இருந்தது.

அந்த மாதம் பட்டறைக்குத் தகடு அழுத்தும் புதிய மெஷின், பிரஸ், வந்தது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் பெரியவர் நேரில் வந்து, முதல் தகட்டைத் தன் கையால் அழுத்தி, ஆர்டரைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. நல்ல நாளாகப் பார்த்துத் தேதி வாங்கச் சொல்லி முதலாளி சென்னைக்குச் சொன்னார். அவளும் காலண்டரைப் பார்த்து, நல்ல தமிழ்ப் பெண்ணாக, நிறைந்த அமாவாசையைப் பிடித்தாள். பெங்களூரில் யாரோ நாளைக் கவனிக்காமல் ‘ஓகே’ என்று பதில் போட்டுவிட்டார்கள். மெயிலின் நகல் எனக்கும் வந்தது. சுவரிலிருந்த காலண்டரில் அந்தத் தேதிமேல் கறுப்பு வட்டம் இருந்தது. இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரே ஒரு போன் போதும். நான் போடவில்லை.

அன்றைக்குக் காலையில் பிரஸுக்கு மாலை போட்டாயிற்று, பூசணிக்காயும் எலுமிச்சையும் தயார். முதலாளி புதுச்சட்டையில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். கார் வரவில்லை, போன்தான் வந்தது.

“அமாவாஸ்யெ தின யாராதரூ ஹொஸ கெலஸ ஷுரு மாடுத்தாரா?” அமாவாசையன்று எவனாவது புது வேலை தொடங்குவானா என்று பெரியவர் போட்ட சத்தம் என் மேஜைவரை கேட்டது. வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முதலாளி அந்தக் கோபத்தையெல்லாம் சென்னை மேல் கொட்டினார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“நீ பாத்திருந்தா இப்படி ஆயிருக்குமா? அந்தப் பொண்ணு வேணாம். நாளையிலருந்து நீ பர்மனென்ட்டும்மா.”

இத்தனை நாளாக நான் காத்திருந்த வார்த்தை. சந்தோஷமே வரவில்லை. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“சார், எனக்குத் தெரியும். ஒரு வாரமாத் தெரியும்.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அவ தெரியாமப் பண்ணுனா. நீ தெரிஞ்சு பண்ணியிருக்கற. இப்ப நான் யாரைம்மா வெச்சுக்கறது?” என்று கேட்டார்.

அவர் சென்னைப் பெண்ணையே வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மாதம் முடியும்வரை வேலை. கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அநியாயம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெங்களூர்ப் பெரியவரும் பழத்தட்டோடு முதலாளி நேரில் போய் நின்றதும் இறங்கிவந்துவிட்டார். பிறகு இந்த ஊரில் எத்தனையோ ஆபீஸ்களில் ஆறு மாதம், எட்டு மாதம் என்று உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். போன இடமெல்லாம் மனிதர்கள் கிடைத்தார்கள். டெம்பரரி என்ற அந்தப் பெயரே எனக்குப் பிடித்தும் போனது. ஒரு வருத்தமும் இல்லை.

விஷயத்தை அவளிடமும் நானே சொல்வதுதான் முறை என்று அந்த அமாவாசையன்று மத்தியானமே சென்னைக்குப் போன் போட்டிருந்தேன். எடுத்ததும் அழுதாள். “நீங்க எழுதிக் குடுத்தத வெச்சுத்தான்க்கா இத்தன நாள் ஓட்டினேன். தப்பு என்னோடதுதான்” என்றாள். இல்லையம்மா என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“உங்க எடத்துல இருந்திருந்தா நானும் தேதியப் பத்தி வாயத் தொறந்திருக்க மாட்டேன்க்கா” என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

“ஆனா சார்கிட்ட போய் ஒத்துக்கிட்டும் இருக்க மாட்டேன். பாப்பாவ வெச்சுக்கிட்டு எனக்கு அதுக்கு வழியில்லக்கா.”