பலூன்காரரின் மீசை

எங்கள் லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "மேடம், நடக்காததை எப்படி ஞாபகத்துல ஏத்துவீங்க?" என்றுதான். ஏற்றுவது சுலபம். இறக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கஷ்டத்தை டெல்லி கிட்வாய் நகரில்தான் கற்றுக்கொண்டேன்.

முறை இதுதான். ஒருவருடைய சின்ன வயதுச் சம்பவங்களை அவர் வீட்டாரிடம் கேட்டு வாங்குவோம். கூடவே நாங்களே ஒன்றைக் கட்டிச் சேர்ப்போம். அது நடக்கவே இல்லை என்று வீட்டாரிடம் உறுதி செய்துகொள்வோம். பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி, வாராவாரம் "வேற என்ன ஞாபகம் வருது?" என்று கேட்போம். கடைசியில் உண்மையை உடைத்துவிட வேண்டும். இதற்கு டீபிரீஃபிங் என்று பெயர்.

கார்த்திக் மத்திய அரசு ஊழியர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் மனைவி, மகள், அப்பா, அம்மாவோடு இருந்தார். அவருக்கு நான் கட்டிய கதை: சின்னப் பையனாக அப்பாவுடன் பொருட்காட்சிக்குப் போய்த் தொலைந்துவிட்டார், ஒரு பலூன்காரர் கூட்டிவந்து ஒப்படைத்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அவர் அம்மா சரஸ்வதி ஆன்ட்டி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

முதல் வாரம் கார்த்திக் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாரம் சிவப்பு பலூன் ஞாபகம் வந்தது. அதற்கடுத்து பலூன்காரர் "ரோ மத் பேட்டா", அழாதே மகனே, என்று இந்தியில் தேற்றவே ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு லட்டு மாதிரி டேட்டா. ஆனால் டீபிரீஃபிங் முடியும்வரை வீட்டில் பேசக் கூடாது என்ற விதியை மறந்து, சாப்பிடும்போது கார்த்திக் எல்லாவற்றையும் கண்கலங்கச் சொல்லிவிட்டார். நடந்திருக்கிறது, புருஷன் இத்தனை வருஷம் மறைத்திருக்கிறார் என்று ஆன்ட்டி முடிவு கட்டினார். அவரோடு பேத்தியைப் பார்க்குக்கு அனுப்புவது அன்றே நின்றது.

கார்த்திக்கின் அப்பா, அதாவது அங்கிள், செக்‌ஷன் ஆபீசராக ரிட்டையர் ஆனவர். பேத்தியோடு போகும் அந்த சாயங்கால நடைக்காகத்தான் காலையிலேயே எழுந்திருப்பார். அவரே எனக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். எனக்குப் பாவமாகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கதையை முனிர்காவில் என் ரூமில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கார்த்திக் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க கற்பனைன்னு நெனச்சு எழுதினது நெஜமாவே நடந்திருக்கு மேடம்."

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல பெண் நீ, அவருக்காகப் பொய் சொல்லாதே என்றார்.

அங்கிள் எழுந்தார். "சரசு, நான்தான் கைய விட்டுட்டேன். உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? போங்க, இருட்டறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க." குழந்தையின் செருப்பையும் எடுத்து வைத்தார்.

நானும் அவர்களோடு கீழே இறங்கினேன். ஏன் அங்கிள் இந்தப் பொய் என்று கேட்டேன்.

"சமாதானத்துக்குத்தாம்மா ஆரம்பிச்சேன்" என்றார். பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "சொல்லச் சொல்ல ஞாபகம் வந்துடுச்சு. பெரிய மீசை அவனுக்கு. ஒரு டீகூட வாங்கிக் குடுக்காம விட்டுட்டேன்."

அதிலிருந்து நான் டீபிரீஃபிங்கைத் தள்ளிப்போடுவதில்லை. வீட்டார் அத்தனை பேரையும் லேபுக்கே வரவழைத்து முடித்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்தப் பலூன்காரரை உண்டாக்கியவள் நான். அவருக்கு நான் மீசை வைக்கவில்லை. ஆனாலும் இப்போது அவரை நினைத்தால் மீசையோடுதான் வருகிறார்.