சார் தப்பாகப் படிக்கிறார்

என் மாமா ஒன்றாம் வகுப்பு வாத்தியார். ஆளைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, அதற்கேற்ற மீசை. புதிதாகச் சேர வரும் பிள்ளைகள் அவரைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார்கள். மாமா சமாதானம் எல்லாம் சொல்ல மாட்டார். ஒரு நாய்ப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “ஆகா, என்ன அழகான மாடு!” என்பார்.

அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, “இல்ல, நாய்” என்னும்.

“அப்படியா? நல்லவேளை சொன்ன. நான் பால் கறக்கப் போயிருப்பேன்.”

அவ்வளவுதான். அம்மாவுக்கு டாட்டா.

அவர் வகுப்பே இப்படித்தான் நடக்கும். சார் கதையைத் தப்பாகப் படிப்பார். பிள்ளைகள் தங்கள் புத்தகத்தில் வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வர வேண்டும். தப்பைப் பிடித்தவர்கள் ஒரே ஒரு முறை கை தட்ட வேண்டும். பாதி வருடம் தாண்டியதும் ஆட்டம் மாறும். பிள்ளைகள் ஒரு சொல்லை வேண்டுமென்றே மாற்றிப் படிப்பார்கள், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். தப்பாகப் படிக்க வேண்டுமென்றால் முதலில் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘தப்பு சார்’.

இது தொற்றுநோய் மாதிரி வீட்டுக்கும் வந்துவிட்டது. நாங்கள் கீழ் வீடு, மாமாவும் அத்தையும் மாடி. மின்சார பில்லைக்கூட அவர் ஒழுங்காகப் படித்து நான் கேட்டதில்லை. அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். “மருந்துச் சீட்ட மட்டும் சரியாப் படிச்சுத் தொலைங்க. மத்தபடி எதையும் படிங்க, ஆனா நான் கை தட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து ஒரு முறைகூடத் தட்டியதும் இல்லை.

தலைமையாசிரியைக்கு இந்தக் கைதட்டல் தலைவலி. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதெல்லாம் இங்கே ‘டப்’ என்று வெடிக்கும். ஒருநாள் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“சார், நீங்க பாடம் நடத்துறீங்களா, சர்க்கஸ் நடத்துறீங்களான்னு எனக்குத் தெரியல. அடுத்த வாரம் வாசிப்புச் சோதனைக்கு வெளியாள் வர்றாங்க. பாதிப் பேராவது தடங்கல் இல்லாம படிக்கலன்னா, வர்ற வருஷம் உங்களுக்கு நாலாம் வகுப்பு.”

மாமா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நாலாம் வகுப்புன்னா என்னங்க, அவங்களும் பிள்ளைங்கதானே?” என்றாள் அத்தை.

“அவங்க படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க. கோடு கோடாத் தெரிஞ்சது திடீர்னு ஒரு சொல்லா மாறும் பாரு, அப்ப பிள்ள மூஞ்சில ஒரு வெளிச்சம் வரும். அது ஒண்ணாம் வகுப்புல மட்டும்தான் கிடைக்கும். நாலாவதுல எல்லாம் வெந்த சோறு.”

அத்தை தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

சோதனை நாளன்று பதற்றத்தில் மாமா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனார். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்ததால், கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. போனபோது மாமா வகுப்புக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயில் கைதி மாதிரி, ஆனால் வெளிப்பக்கம்.

உள்ளே சோதனை மேடம். வயதில் சின்னவர், முகத்தில் கண்டிப்பு. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக மேஜைக்குப் போய் ஒரு குட்டிக் கதையைப் படிக்க வேண்டும். ‘பூனை மரத்தில் ஏறியது’ என்று தொடங்கும் கதை.

முதலில் போனவன் ஓட்டைப்பல். முன்பல் இரண்டும் இல்லாததால் அந்தப் பெயர். மேடத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு நிறுத்தி நிதானமாக, “யானை மரத்தில் ஏறியது” என்றான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாமாவின் கை கம்பியில் இறுகியது.

“ஐயையோ, விருந்தாளிக்கு ஆட்டம் காட்டுறான்” என்று முணுமுணுத்தார்.

ஓட்டைப்பல் மேடத்தின் கைகளையே ஆசையாகப் பார்த்தான். அந்தக் கைகள் தட்டவில்லை. பேனாவை எடுத்து ஏதோ குறித்தன. அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

ஒருவனுக்குக் கிடைத்த சிரிப்பு அடுத்தவனுக்கு வேண்டாமா? அடுத்து வந்தவளும் யானையை மரத்தில் ஏற்றினாள். அதற்கு அடுத்தவனும் ஏற்றினான். மேடத்துக்குத் தெரியவில்லை போல என்று இரக்கப்பட்டு ஒருத்தி ‘யா...னை’ என்று இழுத்துக்கூடக் காட்டினாள். வரிசையாக ஒரு யானைக்கூட்டமே மரமேறியது.

மாமா தாங்க முடியாமல், “மேடம், அது வந்து...” என்றார்.

“சார், நீங்க வாயத் திறந்தா சோதனை செல்லாது. முன்னாடியே சொன்னேன்ல?”

கடைசியாகப் போனது பூட்டு. வகுப்பில் வாயே திறக்காத பெண். மாமாதான் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார். தப்பு வந்தால் அவள் கை தட்டவும் மாட்டாள். புத்தகத்தில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைப்பாள். அதுதான் அவள் கைதட்டல் என்று மாமா வைத்துக்கொண்டார். மேஜைக்கு முன்னாலும் அவள் தரையைத்தான் பார்த்தாள். மேடம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் பேனாவை மூடினார்.

“சார், மன்னிக்கணும். முதல் பையன் சொன்னதையே எல்லாரும் கிளிப்பிள்ளையாட்டம் சொல்றாங்க. ஒருத்தருக்கும் படிக்க வரல.”

மாமா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் நீட்டிய கண்ணாடியைக்கூட வாங்கவில்லை.

மேடத்துக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “சரி பிள்ளைங்களா, நான் படிச்சுக் காட்டுறேன். கவனமாக் கேளுங்க” என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். அத்தனை விரல்களும் தானாக வரிக்குக் கீழே போய் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. காலையிலிருந்து காதில் ஏறியது நாக்கில் உட்கார்ந்திருந்தது. கணீரென்று படித்தார்:

“யானை மரத்தில் ஏறியது.”

டப்!

வகுப்பு மொத்தமும் ஒரே தட்டு. மேடம் கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது.

“என்ன? என்னாச்சு?”

“பூனை, மேடம்! நீங்க யானைன்னு படிச்சீங்க!” ஓட்டைப்பல் எழுந்து குதித்தான். “நீங்க போட்ட ஒரே தப்ப நாங்க பிடிச்சிட்டோம். நாங்க எத்தன போட்டோம், நீங்க ஒண்ணுகூடப் பிடிக்கலயே!”

மேடம் தாளை எடுக்கக் குனிந்தார். அதற்குள் பூட்டு எழுந்து வந்து, கீழே கிடந்த தாளில் ‘பூனை’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். பிறகு மேடத்தை நிமிர்ந்து பார்த்து, சன்னமான குரலில் சொன்னாள்:

“யானை ஏறினா மரம் ஒடைஞ்சிரும்.”

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மாமா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கும் வந்தது, அவர் தோளை யாரும் பிடிக்கவில்லை.

மேடம் கதையை மாற்றி முதலிலிருந்து சோதித்தார். “இப்ப ஆட்டம் இல்ல. உள்ளத உள்ளபடி படிக்கணும்” என்றார். “சப்புன்னு இருக்குமே மேடம்” என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். ஆனாலும் படித்தார்கள். இரண்டு பேர் எழுத்தின் கொம்புக்கும் காலுக்கும் நடுவில் தடுமாறினார்கள், ஒருவன் படத்தைப் பார்த்து ஜோசியம் சொன்னான், மற்றவர்கள் மளமளவென்று முடித்தார்கள். பூட்டு மேடத்தின் காதுக்குள் படித்தாள்.

அடுத்த வருட வகுப்புகள் பற்றித் தலைமையாசிரியை மாமாவின் போனுக்குத் தகவல் அனுப்பியபோது எல்லோரும் மாடியில் இருந்தோம். மாமா திறந்து பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

“நாலாம் வகுப்பு” என்று படித்தார்.

அத்தை மட்டும் எழுந்து போய், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் போனைப் பார்த்தாள். முறைத்தாள். பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில், டப் என்று ஒரே ஒரு முறை கை தட்டினாள்.