ரெண்டுங்கெட்டான் சைக்கிள்

கண்ணாடிக்கடைக்காரர், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ரகம். இருபத்தாறு வருடமாக ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிறவர், தன் கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும் என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த சம்பந்தியோ ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். கேட்க வேண்டுமா! மகள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோவுக்கு நடுவில் யார் நிற்பது என்று ஆரம்பித்த உரசலில், மூன்று மாதமாகப் பேச்சே கிடையாது. இப்போது மகள் வழியாகச் சம்பந்தியின் ஓலை வந்திருந்தது: ஞாயிற்றுக்கிழமை ஏரிக்காட்டு மண்பாதையில் சைக்கிள் ஓட்டப் போகலாமா?

"போங்கப்பா. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கற மாதிரி இருக்கு என் பொழப்பு. அங்க போனா உங்களைப் பத்திக் குத்திக் காட்டுறாரு, இங்க வந்தா நீங்க அவரை. என்னால முடியலப்பா" என்று போனில் அழுதாள் மகள்.

கண்ணாடிக்கடைக்காரர் உடனே தன் சைக்கிளை மச்சினன் கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். மனைவியின் தம்பியான அவன் சைக்கிள் மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் ஓட்டை.

"மாமா, இது ஹைப்ரிட். தமிழ்ல சொன்னா ரெண்டுங்கெட்டான். ரோட்டுலயும் பறக்காது, காட்டுலயும் நிக்காது."

"வாயைக் கழுவுடா. நிக்க வை."

வைத்தான். தடித்த டயர் நுழைய வேண்டும் என்று மட்கார்டு இரண்டையும் கழற்றினான். வழவழ டயர் போய், கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் வந்தது. அதற்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுண்டுவிரல் போகிறதா என்று விட்டுப் பார்த்தான். மேடேறுவதற்குப் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினான். கடைசியில் டயரிலிருந்து புஸ்ஸென்று காற்றை இறக்கினான்.

"அடப்பாவி! நல்லாத்தானே இருந்துச்சு!"

"கல்லு மாதிரி காத்தடிச்சா சேத்துல வழுக்கும் மாமா. கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாத்தான் மண்ணைப் பிடிக்கும்."

ஞாயிறு காலை சம்பந்தி வந்து இறங்கினார். கையுறை, முட்டிக்கவசம், மலைக்கென்றே செய்த புத்தம்புது சைக்கிள். கண்ணாடிக்கடைக்காரர் அதன் டயரை நைசாக அமுக்கிப் பார்த்தார். விண்ணென்று இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லவில்லை. குசும்புதான், வேறென்ன!

வழியெல்லாம் சம்பந்தியின் பாடம். "முதுகை வளைங்க சம்பந்தி. தோளை இறுக்காதீங்க." ஏரிக்கரை இறக்கத்தில் ஒரே சேறு. ரெண்டுங்கெட்டான் சமர்த்தாக இறங்கிவிட்டது. பின்னால் சொத்தென்று சத்தம் கேட்டது. திரும்பினால், சம்பந்தி சேற்றில் மல்லாந்து கிடந்தார். அடி ஒன்றுமில்லை, மானம்தான் போயிருந்தது. இவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஹெல்மெட் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. மூன்று மாதத்துக் கணக்கையும் தீர்க்க ஒரு வார்த்தை போதும். "என்ன வாத்தியாரே..." என்று வாயெடுத்தவருக்கு மகள் அழுதது ஞாபகம் வந்தது. தூ, நானும் ஒரு மனுஷனா என்று இருந்தது. சைக்கிளைத் திருப்பி மேலே உருட்டிவந்தார். சம்பந்தி எங்கோ பார்த்துக்கொண்டிருந்த சமயமாகப் பார்த்து, சைக்கிளோடு அப்படியே சேற்றில் சாய்ந்தார்.

"ஐயோ சம்பந்தி! என்ன வழுக்கல் இது!"

சம்பந்திக்கு உயிர் வந்தது. துள்ளி எழுந்தார். "பயப்படாதீங்க! கையைக் கொடுங்க!"

சாயங்காலம் மச்சினன் கடையில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, விழுந்தீங்களாமே! எங்க மாமனார்தான் தூக்கி விட்டாராமே! 'உங்கப்பாவுக்கு ஓட்டத் தெரியல, ஆனா தங்கமான மனுஷன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. வாராவாரம் கூட்டிட்டுப் போய்க் கத்துக்கொடுக்கப் போறாராம்!"

மச்சினன் குதித்தான். "நான் பண்ணின வண்டி வழுக்குச்சா? நம்பவே மாட்டேன்! உண்மையைச் சொல்லுங்க மாமா, அவர்தானே விழுந்தாரு?"

அவனிடம் சொன்னால் அரைமணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். போனில் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று மாதமாயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் போனுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"அவர் எங்கடா விழுந்தாரு! நான்தான் விழுந்தேன். அவர்தான் தூக்கி விட்டாரு."