மழைக்குப் பயந்து ஒடித்த கதிர்

போன கார்த்திகையில் வெண்ணந்தூரில் தன் அண்ணன் மகளுக்குப் பிரசவம் என்று என் மனைவி கிளம்பினாள். தோட்டத்தில் நின்ற மக்காச்சோளம் அவளுடைய வெள்ளாமை. விதைத்தது, தண்ணீர் கட்டியது, படைப்புழு பொறுக்கியது எல்லாம் அவள்தான். நான் வரப்பில் நின்று கதை சொன்னவன். அதை விற்று ஒரு கறவை மாடு பிடிக்க நினைத்திருந்தாள். மாட்டைக் கட்ட முளைக்குச்சிகூட அடித்தாயிற்று.

போகும்போது ஒரு கதிரை உரித்து, மணியைப் பெயர்த்துக் காட்டினாள்.

"அடியில கறுப்புப் புள்ளி உழுந்தாத்தான் முத்துனதுங்க மாமா. நான் வார வரைக்கும் கைய வெக்காதீங்க."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் கைப்பேசியில் வானிலைச் செய்தியாக மின்னல் போட்ட மேகப்படம் வந்தது. வெளியே வந்து பார்த்தால் மேட்டூர்ப் பக்கம் துண்டு காயப்போட்ட மாதிரி ஒரு மேகம். எனக்கு அது போதும். தோட்டம் குளமாகப் போகிறது என்று தெருத்தெருவாகக் கத்தி ஆள் திரட்டினேன். ஒடிப்பதற்கு முன் மணியைப் பெயர்த்துப் பார்க்கத்தான் செய்தேன். புள்ளி இல்லை. பார்க்காத மாதிரி கீழே போட்டுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் கதிரெல்லாம் களத்தில். மேலே தார்ப்பாய், ஓரத்தில் கற்கள், கல் போதாத மூலையில் நானே உட்கார்ந்தேன்.

மழை வரவில்லை. வெயில்தான் பல்லைக் காட்டியது. திறந்தால் மழை வந்துவிடும் என்று பயந்து, அவள் வரும்வரை தார்ப்பாயை நான் தொடவே இல்லை.

அவள் வந்து விலக்கியதும் புளித்த வாடை அடித்தது. குவியலுக்குள் கையை விட்டவள் சூடு தாங்காமல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். உள்ளே பச்சைப் பச்சையாகப் பூசணம். கோழித்தீவனத்துக்குக்கூட யாரும் வாங்க மாட்டார்கள்.

திட்டினால் சிரிக்க வைக்க ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. உட்கார்ந்து, தேறுகிற கதிர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அப்போது பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி வந்தார். அவருடைய மக்காச்சோளம் செடியிலேயே நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க பங்காளி, பச்சையிலயே ஒடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. ஆரு ரோசனைங்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் போட்ட கூச்சல் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"நாந்தானுங்க போன்ல ஒடிக்கச் சொன்னேன்," என்றாள் அவள், தலை நிமிராமல்.

பங்காளி என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் ஒதுக்கிய அழுகலைக் கூடையில் அள்ளி எருக்குழிக்கு நடந்தேன். கொட்டிய பிறகும் திரும்பி வர எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது.