காதுக்குக் கீழே ஒரு கட்டி

செவ்வாய்க்கிழமை காலையில் புளோராவின் மகள் போன் செய்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சித்தி" என்றாள். எப்படி, என்ன என்று நான் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது எங்கள் இருவரில் புளோராவின் வேலை. அவளைத் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரரிடமும் துக்க வீட்டில் பெட்டி செய்தவரிடமும் பேச்சுக் கொடுத்து, தொழில் ரகசியம் கேட்டுக்கொண்டு வருகிறவள் அவள்.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் வந்த புதிதில், தூத்துக்குடியில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்டுகள். நான் ஆத்தூர்க்காரி, அவள் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அப்போது என் இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது. கொண்டைக்கடலை அளவுதான். வலிக்காது, அரிக்காது, பழுக்காது. ஆனால் போகவும் மாட்டேன் என்றது. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் தோலில் எது வந்தாலும் குஷ்டமோ, பெருவியாதியோ என்று ஒரு கிசுகிசு கிளம்பும். கிளம்பிவிட்டால் வருகிற வரனும் வராது. தலையைத் தளரப் பின்னிக் காதை மறைத்துக்கொண்டு திரிந்தேன். டாக்டர் அந்தப் பேரையே சொல்லிவிடுவாரோ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

புளோரா கண்டுபிடித்துவிட்டாள். "யார்ட்டயாவது கேப்பம்ளா. கேட்டா வாயா தேஞ்சு போயிரும்?" என்றாள். எனக்குக் கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் வெற்றிலைக் கடை அண்ணாச்சி என்னிடமே விசாரித்தார், உன்னோடு வேலை பார்க்கிற பிள்ளைக்குக் கட்டி எப்படி இருக்கிறது, சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்தாளா என்று. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவள் சத்தியத்தை மீறவில்லை. கட்டி தனக்கு வந்திருப்பதாகச் சொல்லி ஊரெல்லாம் யோசனை கேட்டிருக்கிறாள். சரக்கு எண்ணும் குமாஸ்தா குதிரை முடியால் கட்டச் சொன்னாராம். சங்கு குளிக்கப் போகிற ஒருவர், கடல் முள் ஏறியிருக்கும் என்று சாதித்தாராம். நான் கடலில் கால் நனைத்ததுகூட இல்லை. அத்தனையையும் ஒப்பித்துவிட்டு, இதில் எது சரியாக இருக்கும் என்று என்னையே ஆர்வமாகக் கேட்டாள். பெரும்பாலானவர்கள் சொன்னது ஒன்றுதான். சர்ச் வாசலில் குகை மாதிரி இருக்கிற மாதா கெபியில் உப்பும் மிளகும் போடு, உப்புக் கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும். எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் அந்த வழக்கம் உண்டு. எனக்காக அவள் அதையும் போட்டாள். கட்டி அசையவில்லை.

அவளுக்கும் அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்துத்தான் நான் பயந்தேன். பயந்தபடியே ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளையின் தாயார் ஆபீசுக்கு வந்துவிட்டார். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார், கண் மட்டும் அவள் கழுத்தை விட்டு நகரவில்லை. புளோரா கூந்தலைத் தூக்கி இரண்டு பக்கமும் காட்டினாள். ஒரு மருகூட இல்லை. உப்பு மிளகு போட்டேன் மாமி, போய்விட்டது என்றாள். சம்பந்தம் பிழைத்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். பிறகு ரவிக்கைக் கையை ஏற்றி, முழங்கைக்கு மேலே கருத்துத் தடித்திருந்த ஒரு கட்டியைக் காட்டினார். வீட்டில் யாருக்கும் தெரியாதாம். "ஆஸ்பத்திரிக்குத்தான் போவணுமோன்னு பயந்து கெடந்தேன். இனி நானும் உப்பு போட்டுட்டு இருந்துக்கிடுதேன் தாயி" என்றார்.

புளோரா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கல்யாணம் நிச்சயம். அவளால் முடியவில்லை.

"மாமி, நான் சொன்னது பொய். எனக்குக் கட்டியே வரல. உப்பு போட்டது நெசம், போட்டும் அது போகல. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அப்படியானால் அது யாருடைய கட்டி என்று அவர் கேட்டார். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. நான்தான் பின்னலை விலக்கிக் காட்டினேன்.

மூன்று பேருமாக அன்றைக்கே டாக்டரிடம் போனோம். என் கட்டியைப் பஞ்சால் தொட்டு, ஊசியால் குத்தி, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஏன் வந்தது என்று தெரியவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றார். அந்த அம்மாளுடையதை அப்படி விட முடியவில்லை. அறுத்து எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். பொய் சொல்லுகிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சிலர் சொன்னபோது, இந்தப் பொய்க்காரிதான் எனக்கு மருமகள் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

டாக்டருக்குத் தெரியாத காரணத்தைப் புளோரா கடைசிவரை விடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கட்டியைத் தொட்டுப் பார்த்து, ஏன் வந்திருக்கும் என்று புதிதாக ஒன்று சொல்லுவாள். இனி அப்படிச் சொல்ல ஆள் இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. சின்ன ஆபரேஷன்தானே, எடுத்துவிடலாம் என்று என் மகன் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் எடுக்கப் போவதில்லை. அது தன்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னவள் அவள். எனக்கென்று அவள் விட்டுப்போனது இது ஒன்றுதான்.