டாக்டரக்காவின் காது

“போனை மெஷின் பக்கத்துல வைங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். பத்து விநாடி. “பெல்ட் தேஞ்சிருக்கு. நாளைக்கு ஆள் வருவாரு.” சந்தேகம் என்றால் இன்னொரு கேள்வி உண்டு. “மூடி மேல கை வச்சுப் பாருங்க. இடப்பக்கம் அதிருதா, வலப்பக்கமா?”

துணி துவைக்கும் இயந்திரங்களுக்கான புகார் மையத்தில், பதினான்கு வருடமாக வலது காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறார். வயது நாற்பத்தாறு. சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவதால், கூட வேலை பார்க்கும் எங்களுக்கு அவர் டாக்டரக்கா. ஒரு நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு, தொண்ணூறு பேரிடமும் “சிரமத்துக்கு மன்னிக்கணும்.” சாயங்காலத்துக்குள் அந்தச் சொல் வாயில் சக்கையாகிவிடும். வீட்டில் மகள் தண்ணீர் கேட்டால்கூட “லைன்லயே இருங்க” என்று சொல்லிவிடுகிறாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அவர் கணிப்பு தவறி நான் கேள்விப்பட்டது ஒரே தடவை. மூன்று வருடத்துக்கு முன் ஓர் இளைஞன் போனை இயந்திரத்தின் அருகே வைத்தான். முதலில் முனகல். பிறகு இரும்பும் இரும்பும் மோதும் ஓசை. நடுவே எதுவோ கிழிகிற மாதிரி ஓர் அலறல்.

“பேரிங் போயிடுச்சு தம்பி. மொதல்ல பிளக்கைப் பிடுங்குங்க.”

“மெஷின் ஓடவே மாட்டேங்குதுன்னுதான் மேடம் கூப்பிட்டேன். அது பாட்டு.”

வேறு யாராவது என்றால் அசடு வழிந்து போனை வைத்திருப்பார்கள். அக்கா அந்தப் பாட்டைப் பாடிய குழுவின் பெயரைக் கேட்டு, புகார்ப் படிவத்தில் ‘பழுதின் விவரம்’ என்ற கட்டத்திலேயே எழுதிக்கொண்டார். அந்த இசைவகைக்கு போஸ்ட்-ஹார்ட்கோர் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பாடுகிறவன் தனக்குள் பேசிக்கொண்டிருப்பவன் போல ஆரம்பித்து, திடீரென்று தொண்டை கிழியக் கத்துவான். கிடார்கள் அவன் தலையில் சரிந்து விழும். மறுபடி முணுமுணுப்பு. குழுவில் மொத்தம் நான்கு பேர். அக்காவுக்கு அவர்கள் “நம்ம பசங்க.”

“வீட்டுக்காரரு பக்கத்து வீட்ல சண்டைன்னு நெனச்சு ஜன்னலைச் சாத்தினாரு” என்றார் ஒருநாள். “அவன் கத்தி முடிச்சா எனக்குத் தொண்டை லேசாகுது. அது அவருக்கு எங்க புரியும்.”

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அக்கா ஒரே பாட்டில் கழற்றினார். “நீ படிச்சவன்தானே, இங்கிலீஷ்ல என்ன கத்துறான்னு சொல்லு.” மூன்று முறை கேட்டும் ஒரு வரி பிடிபடவில்லை. விடுவேனா? மறுநாள் வரிகளைத் தேடி அச்செடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதைப் பிரிக்காமலே மடித்து என் சட்டைப்பையில் செருகினார். “வேணாம்ப்பா. அர்த்தம் தெரிஞ்சா இதுவும் ஒரு புகாராயிடும்.”

எங்களுக்கு இடைவேளை ஏழு நிமிடம். மாடிப்படியில் இரண்டு காதிலும் இயர்போனோடு உட்கார்ந்து, ஒரு பாட்டு முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து வருவார். பிற்பகல் அழைப்புகள் அதில்தான் ஓடின.

போன மாதம் வருடாந்தரக் காதுப் பரிசோதனை. வலது காதில் மெல்லிய ஒலிகள் போய்விட்டன. இடது காதும் கிளம்பத் தயார். ஹெட்செட்டை இடது பக்கம் மாற்றச் சொன்னார்கள். அந்த ஒரு காது ஹெட்செட்டைத் தாங்கும், இல்லை பாட்டைத் தாங்கும், இரண்டையும் தாங்காது என்று காது மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த பரிசோதனையில் தேறாவிட்டால் அக்காவுக்கு இங்கே நாற்காலி இல்லை. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது.

“என்னக்கா முடிவு பண்ணீங்க?”

“முடிவு பண்ண என்ன இருக்கு? சோறு போடுற காது.” இயர்போனைச் சுருட்டி மேசை இழுப்பறையில் போட்டார்.

நேற்று இடைவேளையில் மாடிப்படி காலியாக இருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுக்க லாக்கர் அறைக்குப் போனேன். அக்கா இரண்டு காதிலும் பஞ்சு திணித்திருந்ததால் நான் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. கைப்பேசியில் முழுச் சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, தகர லாக்கருக்குள் கவிழ்த்து வைத்துக் கதவை அழுத்திச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தகரம் நடுங்க ஆரம்பித்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதை மெல்ல இடப்பக்கமாக நகர்த்தினார்.