ஒவ்வொரு துண்டுக்கும் புள்ளி உண்டு

டென்மார்க்கில் நான் பார்த்த வேலைகளில், என்னை நாற்காலியில் இருத்திச் சம்பளம் தந்த முதல் வேலை, மற்றவர்கள் பறந்த தூரத்தை எண்ணுவது. அதற்கு முன் மீன் ஃபக்டரியிலும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்திலும் நின்றே காலம் போனது. ஓகூஸ் துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த அந்தச் சிறு கம்பனி, ஒரு விமான நிறுவனத்துக்கு வரும் உறைகளைப் பிரித்துக் கம்பியூட்டரில் பதிந்து கொடுத்தது. அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கொடுக்கும் திட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. யாருடைய கணக்கிலாவது மைல் ஏறாமல் விட்டால், அவர் தன் போர்டிங் பாஸின் துண்டையும் ரிக்கற்றின் பிரதியையும் உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அந்த உறைகள் என் மேசைக்கு வரும்.

திட்டம் கேட்பதற்குச் சுலபம். எவ்வளவு தூரம் பறந்தீர்களோ அவ்வளவு மைல் உங்கள் பெயரில் ஏறும், அவ்வளவுதான் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். தூரம் மட்டும் போதாது என்பது உறை பிரிக்கிறவனுக்குத்தான் தெரியும். ரிக்கற்றின் ஒரு மூலையில் ஒற்றை எழுத்து ஒன்று இருக்கும். விலை கூடிய இருக்கைக்குரிய எழுத்து என்றால் மைல் பெருகும். மலிவு எழுத்து என்றால் பாதி, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆயிரம் மைல் பறந்திருப்பார், மற்றவர் எங்கள் கம்பியூட்டரைப் பொறுத்தவரை வீட்டைவிட்டு வெளிக்கிடவே இல்லை.

அதோடு கணக்கு இரண்டு. ஒன்று செலவழிக்கிற கணக்கு. சேர்த்துச் சேர்த்து இலவசமாக ஒரு ரிக்கற் எடுக்கலாம். மற்றது அந்தஸ்துக் கணக்கு. ஒரு வருடத்துக்குள் குறித்த அளவு பறந்தால் வெள்ளிக் காட் என்று ஒரு அட்டை, அதற்கு மேலும் பறந்தால் தங்கக் காட். வருடம் முடிந்ததும் இந்த இரண்டாம் கணக்கு பூச்சியத்துக்கு வந்துவிடும். தங்கத்துக்கு ஒரேயொரு பயணம் குறைகிறது என்று, மார்கழி மாதத்தில் ஒரு வேலையும் இல்லாமல் கொப்பன்ஹேகனுக்குப் பறந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பி வந்த மனிதர்களின் துண்டுகளை நானே பதிந்திருக்கிறேன். தங்கக் காட்டுக்காரரின் பெட்டி முதலில் வரும். அவர் இருந்து ஆற தனி அறை உண்டு. விமானம் நிறைந்திருந்தால், காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் தானாக மேலே ஏறும். இந்தக் கடைசிச் சலுகைதான் எனக்குச் செமிக்கவே இல்லை.

ஏனென்றால் நானும் ஒரு பட்டியலில்தான் இருந்தேன். மகளுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது நான் யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவன். வதிவிட அனுமதி கிடைத்த கையோடு மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட விண்ணப்பித்தேன். டெனிஷ் அரசாங்கம் தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளை அசையாமல் வைத்திருந்த காலம் அது. பிறகு அந்த விஷயம் வெளியே வந்து, விசாரணை நடந்து, நான் உறை பிரித்த நாட்களில் தினமும் பத்திரிகையில் தமிழர் வழக்குத்தான் செய்தி. கோப்பி இடைவேளையில் டெனிஷ்காரர் அதைப் பற்றிக் கதைப்பார்கள். நான் உள்ளே வந்தால் குரலைத் தணித்து, பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். விபோர்க் நகரத்தில் தெரிந்தவர்களுடைய குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. என்னுடைய கோப்பு மட்டும் நீண்ட நாள் கிடந்ததால் பழசாகிவிட்டதாம், கல்யாணப் பதிவைப் புதிதாக எடுத்து அனுப்பு என்றார்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து அந்த ஒற்றைத் தாள் வெளியே வர ஒன்றரை வருடம் எடுத்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் ஒரு வியாபாரி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருந்தார். நானூறு மைலுக்காகத் தன்னை மூன்று கிழமை காக்க வைத்தது மனிதத்தன்மையே இல்லை என்று எழுதியிருந்தார். மூன்று கிழமைக்குள் பதில் போட வேண்டும் என்பது எங்கள் சட்டம், இரண்டு நாள் பிந்திவிட்டது உண்மைதான். மன்னிப்புக் கடிதத்தை அச்சடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டு, படிக்கட்டில் போய் நின்று தமிழில் நன்றாகத் திட்டினேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஷ் அம்மா கதவைத் திறந்து பார்த்தார். ஒரு கோப்பியைத் தந்துவிட்டுப் போனார்.

கடைசியில் விசா கிடைத்தது. மனைவி மகளோடு கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து இருந்தாள். பயண நாள் குறித்ததும் அந்த டெனிஷ் அம்மா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, உன் மனைவியையும் சேர்த்துவிடு, அவவும் பறக்கத்தானே போகிறா என்றார். கொப்பன்ஹேகனுக்கு வரும் கடைசி விமானம், நாங்கள் உறை பிரித்துக் கொடுத்த விமான நிறுவனத்தினுடையது. நானும் நிரப்பிக் கொடுத்தேன். பத்து நாளில் அவள் பெயரில் ஒரு காட் வீட்டுக்கு வந்தது. அவள் வருவதற்கு முன்னாலேயே அவள் பெயரில் வந்த முதல் தபால் அதுதான். கதவில் அவள் பெயரையும் எழுதி ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை பயணம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரெடெரிசியாவில் இருக்கும் ஒரு அண்ணை ரெலிபோன் எடுத்தார். அவர் எங்களுக்கெல்லாம் செய்திப் பத்திரிகை மாதிரி. அவருக்குத் தெரிந்த ஒருவரின் மனைவி முறையான விசாவோடு வந்து, எயார்போட்டில் இரண்டு நாள் அகப்பட்டுக் கிடந்தாளாம்.

“விசா குத்தின பாஸ்போட்டைக் கிழிச்சுப் போட்டு வந்து நிக்கிறா, தம்பி. ஏன் பிள்ளை கிழிச்சனீர் எண்டு கேட்டா, எல்லாரும் கிழிக்கிறவை தானே எண்டு சொல்லுறா.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வழக்கமாகவே போயிருந்தது. கள்ளமாக ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள் எல்லோரும் விமானம் இறங்குமுன் கடவுச்சீட்டையும் ரிக்கற்றையும் கிழித்துக் கக்கூசில் போட்டவர்கள்தான். கையில் தாள் இருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நானும் கிழித்தவன். மற்றவர்களின் போர்டிங் பாஸைப் பத்திரமாகக் கோப்பில் குத்தி வைக்கிற வேலை எனக்குக் கிடைத்ததை நினைத்துச் சிலவேளை எனக்கே சிரிப்பு வரும்.

ரெலிபோனை வைத்த பிறகுதான் என் பழைய கடிதம் ஒன்று நினைவுக்கு வந்தது. கோப்பு அசையாமல் கிடந்த காலத்தில், பொறுமை கெட்டு, இவளையும் ஏஜென்சியால் கூப்பிடுவோம் என்று நான் யோசித்திருந்தேன். அப்போது ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். ‘இறங்கப் போகிறோம் என்று அறிவித்ததும் கக்கூசுக்குப் போய் எல்லாவற்றையும் கிழித்துப் போடு, ஒரு துண்டும் கையில் இருக்கக் கூடாது’ என்று எழுதி, இரண்டு தரம் கீழ்க்கோடும் இழுத்திருந்தேன். பிறகு பச்சைப் பிள்ளையோடு அந்த வழி சரிவராது என்று விட்டுவிட்டோம். ஆனால் அந்தக் கடிதத்தை மறந்துவிடு என்று நான் ஒருநாளும் எழுதவில்லை. விசா கிடைத்த சந்தோஷத்தில் அது என் நினைவிலேயே இல்லை.

என் மனைவியைத் தெரிந்தவர்களுக்கு என் பயம் விளங்கும். எழுத்தில் வந்ததை அவள் எழுத்துக்கு எழுத்துச் செய்வாள். வந்த புதிதில் ‘சைக்கிளை விற்காதே’ என்று எழுதியிருந்தேன். குண்டு விழுந்து வீட்டைவிட்டு ஓடிய நாளில் பிள்ளையை இடுப்பிலும் அந்தச் சைக்கிளைக் கையிலுமாகக் கொண்டு ஓடியவள் அவள். இந்தக் கடிதத்தையும் பயணப் பையில் வைத்திருப்பாள், அதன்படியே நடப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இன்னொரு முறை விண்ணப்பித்து இன்னும் ஆறு வருடம் இருக்க என்னால் முடியாது.

லொட்ஜுக்கு எடுத்தேன். ரெலிபோன் மனேஜரின் மேசையில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்பதால் அவள் பிள்ளையோடு அந்தோனியார் கோவிலுக்குப் போய்விட்டாளாம். லைன் திரும்பக் கிடைக்குமோ தெரியாது, ஆகவே அவரிடமே சொல்லி வைக்க வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? பொலிஸ் நாளாந்தம் வந்து அறைகளைச் சோதிக்கிற லொட்ஜ் அது. பாஸ்போட்டைக் கிழிக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னால், மனேஜர் பயந்து அவளை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் விமான மைல் எண்ணுகிற இடத்தில் வேலை செய்கிறேன், போர்டிங் பாஸ், ரிக்கற், ஒரு கடதாசியும் கிழியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள், இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் புள்ளி உண்டு என்றேன்.

மனேஜருக்கு ஆர்வம் வந்துவிட்டது. என்ன புள்ளி என்று கேட்டார். எனக்கு உயிர் போகிற நேரத்தில் வெள்ளி, தங்கம், அந்தஸ்து எல்லாவற்றையும் அவருக்கு விளங்கப்படுத்த வேண்டியதாயிற்று. முழுவதும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் விசாவுக்காக எங்கள் லொட்ஜில் இரண்டு மூன்று வருடமாக இருக்கிற சனத்துக்கெல்லாம் தங்கக் காட் கொடுக்க வேண்டுமே என்று சொல்லிச் சிரித்தார். நான் அவளிடம் சொல்வீர்களா என்று கேட்க முன்னமே லைன் அறுந்துவிட்டது. அதன் பிறகு வியாழன் மாலை வரை எடுத்தேன், கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிய ரயில் ஏறினேன். பாலம் வராத காலம், ரயிலைக் கப்பலில் ஏற்றித்தான் கடலைத் தாண்டுவார்கள். எயார்போட்டில் விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் தங்கக் காட்டின் அடையாளம் தொங்கிய இரண்டு கோட்டுக்காரர் முதலில் வந்தார்கள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஒரு தமிழ்க் குடும்பமும் வந்தது, அவர்களைக் கூப்பிட வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு கதவு திறக்கவில்லை. அரை மணித்தியாலம் போனது. இன்னும் கால் மணித்தியாலம் போனது. அந்தோனியாருக்கு நேர்ந்தேன். கடிதம் எழுதிய என் கையை நானே சபித்தேன்.

அப்போது கதவு திறந்து அவள் வந்தாள். ஒரு கையில் மகள், மறு கையில் விரித்தபடி கடவுச்சீட்டு. விசாப் பக்கத்தில் புதிதாக முத்திரை குத்தியிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா சொல்வார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெட்டி வண்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினேன். ஆறு வருடத்துக்குப் பிறகு கண்ட புருசனிடம் அவள் முதலில் சொன்னது இதைத்தான்.

“இஞ்சேருங்கோ, இருபத்துமூண்டு துண்டு இருக்கு. வெள்ளைக்காரர் எல்லாத்தையும் சீற்றிலையே விட்டிட்டுப் போட்டினம்.”

மகள் ஒரு பிளாஸ்ரிக் பையை என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் புள்ளி என்று மனேஜர் சொன்னதை இருவரும் நம்பி, எல்லோரும் இறங்கும்வரை இருந்து, இருக்கை இருக்கையாகத் தேடி மற்றவர்களின் போர்டிங் பாஸையெல்லாம் பொறுக்கியிருக்கிறார்கள். பணிப்பெண்ணும் பாவம் என்று உதவி செய்தாளாம். சாப்பாட்டுத் தட்டின் சீனிப் பக்கற், வாந்தி எடுக்கும் பை எல்லாம் உள்ளே இருந்தன. மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“புள்ளி போடுற அப்பா நீங்கள்தானோ?”

ஓம் என்றேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டுகளைத் திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோனேன். டெனிஷ் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, அவற்றை மேசை லாச்சிக்குள் வைத்தார். ஒரு மாதத்தில், அந்த விமானத்தில் வந்து போர்டிங் பாஸைத் தொலைத்த ஒருவரின் உறை என் மேசைக்கு வந்தது. லாச்சியில் இருந்த துண்டை எடுத்து அன்றைக்கே அவருக்கு மைல் போட்டேன். இவ்வளவு விரைவாக வேலை நடக்கும் நாட்டில் வாழ்வது பெருமை என்று அவர் நன்றிக் கடிதம் எழுதினார். என் மனைவியுடையது மலிவு எழுத்து, பூச்சியம்.

அந்த வெள்ளிக்கிழமை எயார்போட்டிலிருந்து திரும்பும்போது, ரயிலைக் கப்பலில் ஏற்றியதும் மேல்தட்டுக்குப் போனோம். காற்று அடித்தது. மகளுக்கு என் தொப்பியைப் போட்டுவிட்டேன். கடைசியாகத் துணிந்து, அந்தப் பழைய கடிதம் நினைவிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டேன்.

“மறக்கிறதே? லொட்ஜ்காரர் சொல்லாட்டி எல்லாத்தையும் கிழிச்சிருப்பன். நீங்கள் எழுதினதெல்லோ.”

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். இறங்கப் போகிறோம் என்று அறிவித்ததும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கக்கூசுக்குப் போனாளாம். அங்கே நின்று யோசித்தாளாம்.

“கிழிக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறியள், கிழிக்க வேண்டாம் எண்டும் சொல்லிவிட்டிருக்கிறியள். ரெண்டையும் மீறேலாது. அதுதான் அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டன். ஒரு துண்டும் விடேல்லை.”

நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற டெனிஷ்காரர் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் என் சட்டையை இழுத்து, கிழித்த கடிதத்துக்கும் புள்ளி இருக்கிறதோ என்று கேட்டாள். இருக்கிறது, அதற்குத்தான் ஆகக் கூட என்று சொன்னேன்.